ஐரோப்பாவில் எந்தெந்த ஊர்? விடுமுறைக்குக் கிளம்புமுன் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐரோப்பா போகலாம் என்று பேச்செடுத்ததுமே வீட்டில் ஒரு பட்டியல் முளைத்துவிடும். பாரிஸ், ரோம், வெனிஸ், சுவிஸ், ஆம்ஸ்டர்டாம், முடிந்தால் அப்படியே லண்டன். நண்பர்களும் உறவினர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே ஒன்றாகப் போட்டிருக்கிறேன். ஊர்களைக் குறையுங்கள், இரவுகளைக் கூட்டுங்கள் என்பது என் கட்சி. பதில்கள் எல்லாம் அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

பத்துப் பன்னிரண்டு நாள் விடுப்பு. எத்தனை ஊர் பார்க்கலாம்?

மூன்று. பிடிவாதக்காரர்களுக்கு நான்கு.

ஊர் மாறும் நாளில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஓட்டலைக் காலை 11 மணிக்குக் காலி செய்யவேண்டும். பெட்டியை இழுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போய், மூன்று நான்கு மணி நேரம் ரயிலில் உட்கார்ந்து, இறங்கி, புது ஊரின் மெட்ரோ டிக்கெட் மெஷினோடு மல்லுக்கட்டி, அறைக்குப் போனால் மாலை ஐந்து. அந்த நாள் அவ்வளவுதான். பத்து நாளில் ஆறு ஊர் என்று போட்டால் பாதி விடுமுறை ஸ்டேஷன்களிலேயே கழிந்துவிடும்.

அந்த மூன்று எவை?

புகழை வைத்துத் தேர்ந்தெடுக்காதீர்கள், ரயில் பாதையை வைத்துத் தேர்ந்தெடுங்கள். ஒரே கோட்டில் விழும் ஊர்களாக இருக்கட்டும்.

இத்தாலிக் கோடு: ரோம், ஃப்ளாரன்ஸ், வெனிஸ். ரோமிலிருந்து ஃப்ளாரன்ஸுக்கு ஒன்றரை மணி நேரம், அங்கிருந்து வெனிஸுக்கு இரண்டேகால். முதல் முறை போகிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். ஒரே நாடு, ஒரே மொழி. சாப்பாடும் நம் நாக்குக்கு ஓரளவு ஒத்துவரும்.

நடு ஐரோப்பா: பிராக், வியன்னா, புடாபெஸ்ட். பிராக்கிலிருந்து வியன்னா நான்கு மணி நேரம், வியன்னாவிலிருந்து புடாபெஸ்ட் இரண்டே முக்கால் மணிக்குள். கையைக் கடிக்காத கோடு இதுதான். பாரிஸில் இரண்டு இரவுக்கு ஆகும் ஓட்டல் செலவில் புடாபெஸ்டில் மூன்று இரவு தாராளமாகத் தங்கலாம்.

வடமேற்கு: பாரிஸ், பிரஸ்ஸல்ஸ், ஆம்ஸ்டர்டாம். பாரிஸிலிருந்து ஆம்ஸ்டர்டாம் மூன்றரை மணிக்குள். பிரஸ்ஸல்ஸை ஒரு மதிய நிறுத்தமாக வைத்துக்கொண்டால் போதும், அங்கே இரவு தங்கவேண்டிய அவசியம் எனக்குத் தெரியவில்லை.

ஸ்பெயின்: பார்சலோனா, மாட்ரிட் இரண்டுக்கும் இடையே அதிவேக ரயில், இரண்டரை மணி நேரம். லிஸ்பனைச் சேர்க்க ஆசையென்றால் மாட்ரிட்டிலிருந்து விமானம்தான். நேரடி வேக ரயில் கிடையாது.

விமான டிக்கெட் எடுக்கும்போது ஒரு ஊரில் இறங்கி இன்னொரு ஊரிலிருந்து திரும்புவதுபோல் எடுங்கள். பிராக்கில் இறங்கி புடாபெஸ்டிலிருந்து கிளம்பலாம். ஒரே ஊருக்குத் திரும்பி வருவதில் ஒரு நாள் வீணாகும்.

விசா எந்த நாட்டில் எடுப்பது?

ஷெங்கன் விசா ஒன்று எடுத்தால் 29 நாடுகள் போகலாம். சுவிட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, ஆனால் ஷெங்கனில் உண்டு. பிரிட்டனும் அயர்லாந்தும் கிடையாது. அதிக இரவு தங்கப்போகும் நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். இரவுகள் சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாட்டிடம்.

பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, 6 முதல் 11 வயதுக் குழந்தைகளுக்கு 45. விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், கடைசி எல்லை 15 நாள். கோடைக்கு அப்பாயின்ட்மென்ட் கிடைப்பதே பெரும்பாடு என்பதால் ஏப்ரல், மே பயணத்துக்கு ஜனவரியிலேயே உட்கார்ந்துவிடுங்கள். குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு கட்டாயம்.

இந்தியப் பாஸ்போர்ட்காரர்களுக்கு 2024 ஏப்ரலில் ஒரு நல்ல மாற்றம் வந்தது. முந்தைய மூன்று ஆண்டுகளுக்குள் இரண்டு ஷெங்கன் விசா வாங்கி ஒழுங்காகப் பயன்படுத்தியிருந்தால், அடுத்து இரண்டு ஆண்டு விசா கிடைக்கலாம், அதற்கடுத்து ஐந்தாண்டு. எது கையில் இருந்தாலும், எந்த 180 நாளை எடுத்துக் கணக்குப் போட்டாலும் உள்ளே இருந்தது 90 நாளைத் தாண்டக்கூடாது. 2025 அக்டோபர் 12 முதல் எல்லையில் கைரேகையும் புகைப்படமும் எடுத்துக் கணினியில் பதிகிறார்கள், அதனால் நாள் கணக்கில் விளையாட முடியாது. சிங்கப்பூர், மலேசியா, கனடா பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்குச் சுற்றுலாவுக்கு விசாவே தேவையில்லை.

பாரிஸில் சித்தப்பா வீடு இருக்கிறது. அங்கே தங்குவதாகச் சொல்லி விசா வாங்கலாமா?

வாங்கலாம். "எங்கள் வீட்டில்தான் தங்குவார்கள்" என்று அவர் கைப்பட எழுதிய கடிதம் மட்டும் செல்லாது. தன் பகுதி நகரசபை அலுவலகத்துக்குப் போய், வருமானம், வீட்டின் அளவு எல்லாம் காட்டி, விருந்தினரை ஏற்கும் சான்றிதழ் ஒன்று வாங்கி அசலை உங்களுக்கு அனுப்பவேண்டும். அதற்குச் சில வாரம் ஆகலாம் என்பதால் சித்தப்பாவுக்கு இரண்டு மூன்று மாதம் முன்பே சொல்லிவிடுங்கள். வேலைக்குப் போகிற மனிதர், லீவு போட்டுத்தான் அலையவேண்டும்.

எந்த மாதம் நல்லது?

ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் நடு வரை. பிறகு செப்டம்பர், அக்டோபர் முதல் பாதி. நம் பள்ளி விடுமுறையும் மே மாதமும் பொருந்திவருவது தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்குக் கிடைத்த அதிர்ஷ்டம். ஜூனில் பாரிஸில் சூரியன் மறைய இரவு பத்து மணி ஆகிவிடும். மாலை உணவுக்குப் பிறகும் ஒரு சுற்று சுற்றலாம். டிசம்பரில் ஐந்து மணிக்கே இருட்டிவிடும்.

ஜூலை, ஆகஸ்டில் தெற்கே போகாதீர்கள். ஏதென்ஸில் வெயில் கொளுத்தும் நாள்களில் அக்ரோபொலிஸையே மதியத்தில் மூடிவிடுகிறார்கள். "சென்னை வெயிலைப் பார்க்காததா" என்று வீராப்புப் பேசலாம். ஆனால் அங்கே பழைய கட்டடங்களில் பல அறைகளுக்கு ஏசி கிடையாது, மின்விசிறியும் கிடையாது. கிறிஸ்துமஸ் சந்தைகள் பார்க்க ஆசையென்றால் நவம்பர் கடைசியிலிருந்து டிசம்பர் 23 வரை வியன்னாவும் பிராக்கும் நன்றாக இருக்கும்.

பாரிஸைச் சும்மா ஊதிப் பெரிதாக்குகிறார்களா?

இல்லை. பார்க்கும் விதத்தில்தான் கோளாறு. ஐஃபிள் கோபுரத்தில் ஏறுவது, லூவரில் மோனாலிசாவைப் பார்ப்பது என்ற இரண்டு வரிசைகளிலேயே பலருடைய பாரிஸ் முடிந்துவிடுகிறது.

கோபுரத்தின் அழகு தள்ளி நின்று பார்த்தால்தான் தெரியும். ஆற்றுக்கு அந்தப் பக்கம் ட்ரோகடேரோ மேடையில் இருட்டியபின் நில்லுங்கள். ஒவ்வொரு மணி தொடக்கத்திலும் ஐந்து நிமிடம் கோபுரம் முழுக்க விளக்குகள் மினுக்கும், காசு கிடையாது. மேலே ஏறியே ஆகவேண்டும் என்றால் டிக்கெட்டை ஆன்லைனில் முன்கூட்டியே எடுங்கள். இரண்டாம் தளம் வரை படியேறிப் போகிறவர்களுக்குக் கட்டணமும் குறைவு, வரிசையும் குறைவு.

லூவர் செவ்வாய்க்கிழமை மூடியிருக்கும், ஓர்சே திங்கட்கிழமை. இரண்டில் ஒன்றுக்குத்தான் தெம்பு இருக்கிறதென்றால் நான் ஓர்சேவைச் சொல்வேன். பழைய ரயில் நிலையத்தை அருங்காட்சியகமாக மாற்றியிருக்கிறார்கள். வான்கோ, மோனே, ரெனுவார் எல்லாம் அங்கேதான், அரை நாளில் பார்த்துவிடலாம். லூவரில் 2026 ஜனவரியிலிருந்து ஐரோப்பாவுக்கு வெளியே இருந்து வருபவர்களுக்குக் கட்டணத்தைத் தனியாகக் கூட்டிவிட்டார்கள் என்பதையும் கணக்கில் வையுங்கள். 2019 ஏப்ரல் 15 அன்று தீப்பிடித்த நோத்ர தாம் தேவாலயம் 2024 டிசம்பரில் திறந்துவிட்டது. அனுமதி இலவசம். துப்புரவாகக் கழுவியெடுத்த வெள்ளைக் கல்லைப் பார்த்தால் அது பல நூற்றாண்டுப் பழைய கட்டடம் என்று நம்புவதே கஷ்டம்.

கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பின்னால் லா ஷப்பேல் பகுதி. ஈழத் தமிழர்கள் நடத்தும் மளிகைக் கடை, புடவைக் கடை, நகைக் கடை, கொத்து ரொட்டி எல்லாம் அங்கே உண்டு. மாணிக்க விநாயகர் கோவிலும் அந்தப் பக்கம்தான். ஆவணியில் தேர் ஓடும்போது நடுத்தெருவில் தேங்காய் குவித்து உடைப்பார்கள், போலீஸ் போக்குவரத்தை நிறுத்தி வழிவிடும். ஆகஸ்ட் கடைசியில் பாரிஸில் இருந்தால் தேதியை விசாரித்துக்கொண்டு போங்கள்.

ரோமில் எதை விடவே கூடாது?

பாந்தியன். கொலோசியத்தை யாரும் விடமாட்டார்கள், அதனால் அதைப் பற்றிச் சுருக்கமாக: கி.பி. 80இல் திறக்கப்பட்டது, டிக்கெட்டில் பெயர் அச்சாகும், வாசலில் பாஸ்போர்ட்டோடு ஒத்துப் பார்ப்பார்கள், நல்ல நேரங்கள் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

பாந்தியன் வேறு ரகம். ஹாட்ரியன் பேரரசர் காலத்துக் கட்டடம், வயது 1,900 ஆண்டு. உள்ளே 43 மீட்டர் அகலத்துக்குக் கான்கிரீட் குவிமாடம், அதற்குள் கம்பி எதுவும் இல்லை. உச்சியில் வட்டமாக ஒரு திறப்பு, கண்ணாடி போடாதது. வெயில் ஒரு வட்டத் தட்டாக உள்ளே விழுந்து சுவரில் மெல்ல நகரும். மழை பெய்தால் மழையும் உள்ளேதான் விழும். தரையைக் குனிந்து பாருங்கள்: நடுவில் சற்று மேடாக்கி, பளிங்குக் கல்லில் சின்னச் சின்னத் துளைகள் போட்டிருப்பார்கள், தண்ணீர் வடிய. பழைய ரோமானியர்கள் வெட்டிய வடிகால் இன்றைக்கும் வேலை செய்கிறது. 2023 ஜூலை முதல் 5 யூரோ வாங்குகிறார்கள், தாராளமாகக் கொடுக்கலாம்.

வாத்திகன் அருங்காட்சியகம் ஞாயிறு விடுமுறை. மாதத்தின் கடைசி ஞாயிறு மட்டும் இலவசம், அந்தக் கூட்டத்துக்குப் போகாமலிருப்பது நல்லது. புனித பேதுரு பெருங்கோவிலுக்குத் தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும். அரைக்கால் சட்டையோடு வந்த ஆண்களையும் திருப்பி அனுப்புவார்கள்.

ரோமில் தண்ணீர் பாட்டில் வாங்கவே வேண்டாம். தெருவுக்குத் தெரு வளைந்த மூக்கு வைத்த இரும்புக் குழாய்களில் நல்ல குடிநீர் எந்நேரமும் ஓடிக்கொண்டிருக்கும். மூக்கின் நுனியை விரலால் அடைத்தால், மேலே உள்ள சிறு துளை வழியாகத் தண்ணீர் வாய்க்கு நேராகப் பீச்சும்.

வெனிஸுக்குப் பகலில் போய்விட்டுத் திரும்பினால் போதாதா?

வெனிஸ் நன்றாயிருப்பது காலை எட்டு மணிக்கு முன்னும் மாலை ஏழுக்குப் பின்னும்தான். நடுவே இருப்பது கூட்டம். பகல் பயணிகள் அந்தக் கூட்டத்தை மட்டும் பார்த்துவிட்டு "நாறுது, நெரிசல்" என்று திரும்புகிறார்கள். ஒரே ஒரு இரவாவது தீவுக்குள்ளேயே தங்குங்கள். மேஸ்த்ரேயில் அறை மலிவுதான், ஆனால் அது பாலத்துக்கு இந்தப் பக்கம், சாதாரண ஊர்.

2024 ஏப்ரல் முதல், கூட்டம் மிகும் நாள்களில் பகலில் மட்டும் வந்துபோகிறவர்களிடம் 5 யூரோ நுழைவுக் கட்டணம் வாங்குகிறார்கள். கடைசி நேரத்தில் பதிந்தால் 10. இரவு தங்குபவர்களுக்கு அது கிடையாது. கொண்டோலா விலை கேட்டு மயங்கவேண்டாம்: ஸ்டேஷன் வாசலிலேயே கிளம்பும் 1ஆம் எண் படகுப் பேருந்து பெருங்கால்வாய் முழுக்க ஊர்ந்து போகும். முன்பக்கத்து இருக்கை கிடைத்தால் அதுவே போதும்.

பிராக், வியன்னா, புடாபெஸ்ட் மூன்றும் ஒரே மாதிரி இருக்காதா?

படத்தில் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். மூன்றும் ஒரே ஹாப்ஸ்பர்க் அரசின் கீழ் இருந்த ஊர்கள், ஆற்றங்கரை, அரண்மனை, டிராம் வண்டி. நேரில் மூன்றுக்கும் குணம் வேறு.

பிராக் நடக்கிறவர்களின் ஊர். நான்காம் சார்லஸ் மன்னர் 1357இல் கட்டத் தொடங்கிய பாலத்தில் வரிசையாக 30 சிலைகள். காலை ஏழுக்கு முன் போனால் பாலம் உங்களுடையது. பத்து மணிக்குப் போனால் செல்ஃபிக் குச்சிகளுடையது. 1410ஆம் ஆண்டின் வானியல் கடிகாரம் மணிக்கொருமுறை பொம்மைகளை நகர்த்திக்காட்டும். என் கருத்தில் பொம்மையாட்டம் ரொம்பச் சுமார், கடிகார முகப்பு அபாரம். எல்லோரும் அண்ணாந்து பார்க்கும் அந்த ஒரு நிமிடத்தில்தான் பாக்கெட்டில் கை விழும்.

பிராக்கில் யூரோ இல்லை, கொருனா. "கமிஷன் பூஜ்யம்" என்று பலகை வைத்த பணமாற்றுக் கடைகளில் விகிதத்திலேயே கழுத்தை அறுத்துவிடுவார்கள். ஏமாந்துவிட்டால் ஒரு வழி உண்டு: ரசீதோடு மூன்று மணி நேரத்துக்குள் திரும்பிப் போய் மாற்றத்தை ரத்து செய்யும்படி கேட்கலாம், 1,000 யூரோ மதிப்பு வரை செக் சட்டம் அந்த உரிமையைத் தருகிறது. இதற்காகவே ரசீதைக் கசக்கி எறியாதீர்கள்.

வியன்னா நிதானமான ஊர். காப்பிக் கடையில் ஒரு மெலாஞ்ச் (நுரை பொங்கும் பால் காப்பி) சொன்னால், சின்ன வெள்ளித் தட்டில் கோப்பையும் ஒரு டம்ளர் தண்ணீரும் வரும். பிறகு இரண்டு மணி நேரம் செய்தித்தாள் படித்தாலும் யாரும் பில்லோடு வந்து நிற்கமாட்டார்கள், நீங்களாகக் கேட்கவேண்டும். அந்தத் தண்ணீர் ஆல்ப்ஸ் மலை ஊற்றிலிருந்து வருவது, 1873இல் போட்ட குழாய் வழியாக. எந்தக் குழாயில் பிடித்தாலும் அதேதான்.

அரசு ஓபரா என்னும் இசை நாடக அரங்கு 1869இல் திறந்தது. நல்ல இருக்கை நூறு யூரோவைத் தாண்டும். அன்றன்றைக்கு விற்கும் 'நின்று பார்க்கும்' டிக்கெட்டோ அதில் ஒரு சிறு பகுதிதான். உள்ளே போனதும் உங்களுக்குக் கிடைத்த கம்பியில் ஒரு கழுத்துத் துண்டைக் கட்டிவிட்டு வெளியே உலாவப் போகலாம், யாரும் அந்த இடத்தைத் தொடமாட்டார்கள். பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிக்கும் நம் வழக்கம்தான், கோட்டு சூட்டுப் போட்டுக்கொண்டு. ஓபராவைப் பற்றி ஒன்றும் தெரியாவிட்டாலும் முதல் அங்கம் வரை நின்று பாருங்கள்.

புடாபெஸ்ட் மூன்றில் எனக்குப் பிடித்தது. 1849இல் திறந்த சங்கிலிப் பாலம், அதற்கு இருபுறமும் தனித்தனி ஊர்களாக இருந்த புடாவும் பெஸ்டும் 1873இல் ஒன்றானது, 1896இல், பிரிட்டன் நீங்கலான ஐரோப்பாவில் முதலாவதாக ஓடிய மெட்ரோ. அந்த மஞ்சள் குட்டி ரயில் இன்றும் ஓடுகிறது. ஏறி செசேனி குளியல்கூடத்து வாசலில் இறங்கலாம். 1913இல் கட்டிய வெந்நீர்க் குளங்கள், திறந்தவெளியில். குளிர்காலத்தில் ஆவி பறக்க, கழுத்தளவு வெந்நீரில் நின்றபடி பெரியவர்கள் சதுரங்கம் ஆடுவார்கள். செருப்பும் துவாலையும் கொண்டுபோங்கள்.

பார்சலோனாவில் சுற்றுலாக்காரர்களை விரட்டுகிறார்களாமே?

2024 ஜூலையில் ஊர்க்காரர்கள் ஊர்வலம் போய், உணவக வாசலில் உட்கார்ந்திருந்தவர்கள்மேல் தண்ணீர்த் துப்பாக்கியால் பீச்சியது உண்மை. கோபம் வீட்டு வாடகை ஏறியதால் வந்தது. 2028க்குள் சுற்றுலா வாடகை வீடுகளின் உரிமத்தை எல்லாம் முடித்துவிடப்போவதாக நகராட்சி அறிவித்திருக்கிறது. குடியிருப்பில் அறை எடுக்காமல் ஓட்டலில் தங்குங்கள், ராத்திரியில் சத்தம் போடாதீர்கள். உங்களை யாரும் ஒன்றும் சொல்லப்போவதில்லை.

சக்ராதா ஃபமிலியா தேவாலயத்துக்கு மாலை நான்கு மணிக்கு மேல் டிக்கெட் எடுங்கள். 1882இல் தொடங்கிய கட்டடம். அதை ஏற்று வடிவமைத்த கௌடி 1926இல் டிராம் மோதி இறந்தார், அதன் நிலவறையிலேயே அடக்கமானார். 2025 அக்டோபரில் ஜெர்மனியின் உல்ம் தேவாலயத்தைத் தாண்டி உலகின் உயரமான தேவாலயமாகிவிட்டது. உயரத்தை விடுங்கள், உள்ளே போங்கள். தூண்கள் மரம்போல் மேலே கிளை பிரிகின்றன. கிழக்குச் சன்னல்களில் நீலமும் பச்சையும், மேற்கில் சிவப்பும் ஆரஞ்சும். சாயங்கால வெயில் மேற்கிலிருந்து நுழையும்போது தரை, தூண், நிற்கிறவர்களின் சட்டை எல்லாம் நெருப்பு நிறமாகிவிடும்.

ஆம்ஸ்டர்டாம்?

இரண்டு இரவு போதும். அன்னா ஃபிராங்க் இல்லத்துக்கு வாசலில் டிக்கெட் கிடையாது. செவ்வாய்தோறும் ஆறு வாரம் தள்ளியுள்ள நாள்களுக்கு ஆன்லைனில் திறப்பார்கள், உடனே தீர்ந்துவிடும். அறை வாடகைமேல் 12.5 சதவீதம் சுற்றுலா வரி. ஹார்லெமில் தங்கினால் ரயிலில் கால் மணி நேரம், செலவும் குறையும். சிவப்பு நிறத் தடம் சைக்கிளுக்கானது, அதில் நின்று போட்டோ எடுக்காதீர்கள். மணியடித்துக்கொண்டே மோதிவிட்டுப் போவார்கள்.

லிஸ்பனில் என்ன இருக்கிறது?

வெளிச்சம், மேடு, டிராம். 1755 நவம்பர் 1 நிலநடுக்கத்தில் தரைமட்டமாகித் திரும்ப எழுந்த ஊர். 28ஆம் எண் டிராமில் காலை எட்டுக்கு முன் ஏறுங்கள். பெலெம் பகுதியில் ஜெரோனிமஸ் மடத்துத் தேவாலயத்தில் நுழைந்ததும் வாஸ்கோ ட காமாவின் கல்லறை. 1524இல் கொச்சியில் இறந்தவரைப் பிறகு இங்கே கொண்டுவந்தார்கள். தமிழுக்கும் இந்த ஊருக்கும் ஓர் உறவு உண்டு: தமிழில் அச்சேறிய முதல் நூல் 1554இல் லிஸ்பனில்தான் அச்சானது, தமிழை ரோமன் எழுத்தில் கோத்து.

அப்படியே லண்டனையும் சேர்த்துக்கொள்ளலாமா?

பாரிஸிலிருந்து ரயிலில் இரண்டேகால் மணி நேரம்தான் என்பது பெரிய சபலம். ஆனால் தனி விசா, தனிக் கட்டணம், தனி அப்பாயின்ட்மென்ட், அத்தோடு பாஸ்போர்ட் அவர்களிடம் கிடக்கும் நாள்களில் ஷெங்கனுக்கு விண்ணப்பிக்க முடியாது. உறவினர் இருந்தால் சேருங்கள், இல்லையென்றால் லண்டனுக்குத் தனியாக ஒரு பயணம் வையுங்கள். பிரிட்டிஷ் அருங்காட்சியகமும் தேசிய ஓவியக்கூடமும் இலவசம் என்பதால் அந்த ஊருக்கு ஒரு வாரம் கொடுத்தாலும் வீணில்லை.

சைவச் சாப்பாடு கிடைக்குமா?

கிடைக்கும், கேட்டு வாங்கவேண்டும். இத்தாலியில் கவலையே இல்லை. பார்மிசான் சீஸில் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் நொதி சேர்கிறது, அதைத் தவிர்ப்பவர்கள் சீஸ் இல்லாத மரினாரா பிட்சா கேட்கலாம். வியன்னாவிலும் ஆம்ஸ்டர்டாமிலும் மெனுவிலேயே குறி போட்டிருக்கும். ஆம்ஸ்டர்டாமில் சூரினாம்காரர்களின் ரொட்டிக் கடைகள் உண்டு. உருளைக்கிழங்கு, காராமணிக் கறியோடு பெரிய ரொட்டி, நம் வயிற்றுக்குத் தெரிந்த சுவை.

ஸ்பெயினில்தான் கவனம். 'வெஹெதால்' என்று பெயர் போட்ட சாண்ட்விச்சுக்குள் பெரும்பாலும் சூரை மீன் இருக்கும். தக்காளி தேய்த்த ரொட்டியும், முட்டை சாப்பிடுவீர்களென்றால் உருளைக்கிழங்கு முட்டைத் தோசையும் நம்பகமானவை. மதியச் சாப்பாடு இரண்டு மணிக்கு, இரவு ஒன்பதுக்கு மேல். ஏழு மணிக்குப் பசித்தால் சுற்றுலாக் கடைகள்தான் திறந்திருக்கும். பிராக்கில் பொரித்த சீஸ் ஒன்று தருவார்கள், இரண்டு நாளுக்கு மேல் நாக்கு தாங்காது.

பெட்டியில் பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், ஊறுகாய், அவல் கொண்டுபோகலாம். இறைச்சியும் பால், தயிர், நெய், பனீரும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளியிலிருந்து கொண்டுவர அனுமதியில்லை. பச்சைக் கறிவேப்பிலைக்கும் தாவர நலச் சான்றிதழ் இல்லாமல் இடமில்லை. கருவாட்டுக்குத் தடையில்லை, அதைப் பொரித்தால் பக்கத்து அறைக்காரர்தான் தடை சொல்வார்.

ரயில் பாஸ் லாபமா?

மூன்று ஊர் திட்டத்துக்குப் பெரும்பாலும் நஷ்டம். பிரான்ஸ், இத்தாலி, ஸ்பெயின் வேக ரயில்களில் பாஸ் இருந்தாலும் இருக்கைக்குத் தனியாகப் பணம் கட்டவேண்டும். இரண்டு மூன்று மாதம் முன்பே தனித்தனி டிக்கெட் எடுத்தால் மலிவு. இத்தாலியில் உள்ளூர் ரயிலுக்குத் தாள் டிக்கெட் எடுத்தால், ஏறுமுன் நடைமேடை மெஷினில் முத்திரை குத்துங்கள், மறந்தால் அபராதம். மலிவு விமானம் எடுக்கிறீர்கள் என்றால் எந்த விமான நிலையம் என்று பாருங்கள். 'பாரிஸ்' என்று பெயர் போட்ட போவே நிலையம் ஊரிலிருந்து 80 கிலோமீட்டருக்கு மேல்.

திருட்டு பயம் உண்டா?

வழிப்பறி அரிது, ஜேப்படி அதிகம். பாரிஸ் மெட்ரோ, ரோமில் 64ஆம் எண் பஸ், பார்சலோனாவின் ராம்ப்லா. பாரிஸில் சாக்ரே கேர் தேவாலயப் படிக்கட்டில் கையில் நூல் கட்ட வருவார்கள். கையைப் பைக்குள் விட்டுக்கொண்டு நடையைக் கட்டுங்கள். மனுவில் கையெழுத்துக் கேட்கும் கூட்டத்துக்கும் அதே மருந்து. பாஸ்போர்ட்டையும் ஒரு கார்டையும் சட்டைக்குள் தொங்கும் பையில் வையுங்கள். கழுத்தில் தாலிக்கொடி தெரியவேண்டாம்.

பணமாகக் கொண்டுபோவதா, கார்டா?

கார்டு. கழிப்பறைக்கும் சந்தைக்கும் மட்டும் சில்லறை. மெஷின் "ரூபாயிலா, யூரோவிலா" என்று கேட்டால் எப்போதும் உள்ளூர்ப் பணத்தையே அழுத்துங்கள். ரூபாயை அழுத்தினால் அவர்கள் விகிதம், அவர்கள் லாபம்.

கழிப்பறை?

எல்லோரும் மனத்துக்குள் கேட்கும் கேள்வி. ஸ்டேஷனில் 50 சென்ட் முதல் 1 யூரோ வரை ஆகும். தண்ணீர்க் குழாய் இருக்காது. இத்தாலி ஒரு விதிவிலக்கு, 1975 முதல் வீட்டுக் குளியலறைகளில் உட்கார்ந்து கழுவிக்கொள்ளும் பிதே தொட்டி கட்டாயம், ஓட்டல்களிலும் பெரும்பாலும் இருக்கும். மற்ற ஊர்களில் ஒரு காலி பாட்டில் கைப்பையில் இருக்கட்டும். அருங்காட்சியகத்தை விட்டு வெளியே வருமுன் ஒருமுறை போய்விட்டு வாருங்கள், அங்கே இலவசம்.

அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகலாமா? பேக்கேஜ் டூர் மேலா?

முட்டி வலி இருந்தால் வியன்னாவைச் சொல்வேன். மெட்ரோ நிலையங்களில் லிஃப்ட் உண்டு, டிராம் தாழ்வாக வந்து நிற்கும், ஊரும் தட்டை. பாரிஸ் மெட்ரோவில் பல நிலையங்களில் படிக்கட்டுதான், அங்கே பஸ்ஸில் போங்கள். லிஸ்பன் மேடும் வெனிஸ் பாலப் படிகளும் அவர்களைப் படுத்திவிடும்.

பேக்கேஜில் மூன்று வேளையும் நம் சாப்பாடு, பெட்டி தூக்க ஆள், பேச்சுத் துணை. பெரியவர்கள் தனியாகப் போவதென்றால் அது நல்ல ஏற்பாடு. பணம் கட்டுமுன் இரண்டு கேள்வி கேளுங்கள். ஓட்டல் ஊருக்குள்ளா, ஊரிலிருந்து 30 கிலோமீட்டர் தள்ளியா? அட்டவணையில் "பார்த்தல்" என்று போட்டிருப்பது உள்ளே போய்ப் பார்ப்பதா, பஸ்ஸிலிருந்து இறங்கிப் பத்து நிமிடம் படம் பிடிப்பதா? இரண்டுக்கும் பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.